குதிரைக்கு யார் படியளப்பது?

அந்த மாணவிக்குக் கிடைப்பது நான்கே நிமிடம். குதிரை அவளுடையது இல்லை. அதன் மேல் அவள் இதுவரை ஏறியதும் இல்லை. குலுக்கலில் அவள் பெயருக்கு விழுந்த குதிரை அது. சேணத்தில் உட்கார்ந்து அங்கவடியின் நீளத்தைச் சரிபார்த்துக்கொண்டு, ஒரு சுற்று நடக்கவிடுகிறாள். கடிவாளத்தை இடப்பக்கம் லேசாக இழுத்தால் உடனே திரும்புகிறதா, தோளைக் கொடுத்து முரண்டு பிடிக்கிறதா? குதிகால் பட்டாலே பாய்கிறதா, அழுத்திக் கேட்டால்தான் நகர்கிறதா? இதையெல்லாம் அந்த நான்கு நிமிடத்துக்குள் அவள் கண்டுபிடித்தாக வேண்டும். அப்புறம் நடுவர் முன்னால் போய், பல வருடம் பழகிய குதிரையில் ஏறியவளைப்போல ஓட்டிக் காட்ட வேண்டும்.

அவள் முடித்ததும் எதிரணி மாணவி அதே குதிரையில் ஏறுவாள், அல்லது அவளுக்கு முன்பே ஏறியிருப்பாள். இருவரில் யாருக்கு அதிக மதிப்பெண்ணோ அவருடைய அணிக்கு ஒரு புள்ளி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மகளிர் குதிரையேற்றப் போட்டி இப்படித்தான் நடக்கிறது. மொத்தம் நான்கு பிரிவுகள். தடை தாண்டுவது ஒன்று, சமதரையில் ஆங்கிலேயப் பாணியில் ஓட்டுவது ஒன்று. மற்ற இரண்டும் மேற்கத்தியக் கால்நடைப் பண்ணைகளில் பிறந்தவை: சொன்ன வரிசைப்படி துல்லியமாக ஓட்டுவது, பாய்ந்து ஓடிச் சறுக்கி நின்று நின்ற இடத்திலேயே சுழல்வது. பிரிவுக்கு ஐந்து பேர் வீதம் இரண்டு அணியிலிருந்தும் இறங்குவார்கள். இருபது புள்ளிக்கான ஆட்டம்.

இந்த விதியில் கவனிக்க வேண்டியது, விருந்தாளி அணி தன் குதிரைகளைக் கொண்டுவருவதில்லை என்பதுதான். தலைக்கவசமும் காலணியுமாக மாணவிகள் மட்டும் வந்து இறங்குவார்கள். குதிரைகளைத் தருவது போட்டியை நடத்தும் பல்கலைக்கழகம். பல நூறு மைல் தூரம் வண்டியில் குதிரை ஏற்றிச் செல்லும் செலவு மிச்சம். சொந்தக் குதிரை இல்லாத பெண்ணும் அணியில் சேரலாம். ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு முழு லாயத்தை வருடம் முழுக்க வைத்துப் பராமரித்தாக வேண்டும். மொத்தச் செலவும் அந்த லாயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த லாயத்துக்கு யார் படியளப்பது என்ற கேள்விக்கு நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு பதில் கிடைத்தது: பணம் இல்லை, அணியை மூடிவிடலாம். அந்தப் பதில் தவறு என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதலில், ஒரு பொதுப் பல்கலைக்கழகத்துக்குக் குதிரை எதற்கு?

நம் நாட்டில் அரசுச் செலவில் ஒரு கல்லூரி மாணவர் குதிரையேறக் கற்கலாம் என்றால் என்.சி.சி.யின் குதிரை மற்றும் கால்நடைப் பிரிவுதான் நினைவுக்கு வரும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டியே அப்பிரிவுகளைப் பெரும்பாலும் பார்க்கலாம். அமெரிக்காவிலும் ஏறக்குறைய அதே தர்க்கம்தான். 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் கொடுத்தது. அதை விற்று வரும் பணத்தில் வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்தச் சொன்னது. இன்று மகளிர் குதிரையேற்றத்தில் பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள்: ஆபர்ன், ஜார்ஜியா, டெக்சஸ் ஏ அண்ட் எம், ஓக்லஹோமா ஸ்டேட். நான்குமே அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். அங்கெல்லாம் கால்நடை அறிவியல் துறை உண்டு, பண்ணை உண்டு, கால்நடை மருத்துவம் உண்டு. குதிரை அந்த வளாகங்களுக்குப் புதுசு இல்லை. அதை விளையாட்டுத் துறையின் கணக்கில் எழுதியதுதான் புதுசு.

அப்படி எழுத வைத்தது 1972-இல் வந்த இன்னொரு சட்டம். அமெரிக்கக் கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாம் பிரிவு. கூட்டரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக்கூடாது என்பதே அதன் சாரம். சட்டத்தின் வரிகளில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் அது மிக அதிகமாக மாற்றிய இடங்களில் ஒன்று விளையாட்டு மைதானம். மாணவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்றால் விளையாட்டு வாய்ப்புகளிலும் அதற்கு ஏறக்குறைய ஈடான பங்கு அவர்களுக்கு இருக்க வேண்டும் என்பது, பல்கலைக்கழகங்கள் தாங்கள் சட்டப்படி நடப்பதாகக் காட்ட இருக்கும் மூன்று வழிகளில் முதலாவது.

சிக்கல் அமெரிக்கக் கால்பந்தில் ஆரம்பிக்கிறது. உயர்மட்டப் பிரிவில் ஒரு கால்பந்து அணி 85 பேருக்கு முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்பது பல காலம் இருந்த வரம்பு. அத்தனை ஆண்களுக்கு ஈடாக அத்தனை பெண்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர் போதும். குதிரையேற்ற அணி அப்படி இல்லை. நாற்பது ஐம்பது பேர் தாராளமாகச் சேரலாம். ஆகவே, பெண்கள் மட்டும் ஆடும் பல்கலைக்கழக விளையாட்டாக அதை வளர்ப்பதில் நிர்வாகங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு உன்னதமான நோக்கத்தில் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதனால் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு ஓர் அணி கிடைத்தது, படிப்புக்கு உதவி கிடைத்தது, விடிகாலையில் போய் நிற்க ஒரு லாயம் கிடைத்தது. எந்தக் கணக்கில் பிறந்தால் என்ன, அந்த வாய்ப்பு உண்மையானது.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1990-களில் "வளர்ந்துவரும் மகளிர் விளையாட்டுகள்" என்று ஒரு பட்டியல் தொடங்கியது. அதில் குதிரையேற்றமும் சேர்ந்தது. நாற்பது பல்கலைக்கழகங்கள் முழு அணி வைத்தால் அந்த விளையாட்டுக்கு என்.சி.ஏ.ஏ.வே தேசியப் போட்டி நடத்தும். அந்த நாற்பதைக் குதிரையேற்றம் இன்றுவரை தொடவில்லை. தேசிய இறுதிப் போட்டியை நடத்துவது குதிரையேற்றத்துக்கென்றே உள்ள தனிச் சங்கம். ஆக, இது பட்டியலில் இருக்கிறது, ஆனால் முழு அந்தஸ்து இல்லை. இப்படி வாசற்படியில் நிற்கும் விளையாட்டின் மேல்தான் கத்தி முதலில் இறங்கும்.

2014-இல் இறங்கவும் பார்த்தது. குதிரையேற்றத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று என்.சி.ஏ.ஏ.வின் மகளிர் விளையாட்டுக் குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை கடைசிவரை நிறைவேறவில்லை. ஆனால் பரிந்துரை வந்த கையோடு, அந்த அக்டோபரிலேயே, கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் குதிரையேற்ற அணியை 2015-16 பருவத்தோடு முடித்துக்கொண்டு மகளிர் கால்பந்து அணி தொடங்கப்போவதாக அறிவித்துவிட்டது. இந்தக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து. கான்சஸில் பிரச்சினை பணம் அல்ல. தேசிய அந்தஸ்து கிடைக்குமா என்ற சந்தேகமே போதுமானதாக இருந்தது.

நியூ மெக்சிகோவில் பிரச்சினை பணம்தான்.

லாஸ் குரூசஸ் அந்த மாநிலத்தின் தெற்கே, ரியோ கிராண்டே நதியோரம், மெசியா பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். ஆற்றுப் பாசனத்தில் மிளகாயும் பெக்கான் கொட்டையும் விளைகின்றன. குதிரைமசாலும் விளைகிறது. நம்மூரில் அந்தத் தீவனப் பயிருக்கு யார் இப்படிப் பெயர் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். 1598-இல் ஹுவான் டி ஒன்யாத்தே என்ற ஸ்பானியர் குடியேறிகளோடும் கால்நடைகளோடும் குதிரைகளோடும் இந்த ஆற்றையொட்டித்தான் வடக்கே போனார். அந்த மாநிலத்தில் குதிரைக்கு அத்தனை வயது. மலைமேல் இருக்கும் ருய்டோசோ டவுன்ஸ் மைதானத்தில் 1959-இல் தொடங்கிய ஓட்டப் பந்தயம், குவார்ட்டர் இனக் குதிரைகளுக்கு உலகத்திலேயே பெரிய பந்தயமாகப் பேசப்படுவது. லாஸ் குரூசஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சன்லாந்து பார்க்கிலும் பந்தய மைதானம் உண்டு.

இந்த ஊரில் 1888-இல் ஒரு சின்னக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்றைய நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகம். அதுவும் மோரில் சட்டத்தின் நிலத்தில் வளர்ந்த பிள்ளை. அதன் அணிகளுக்கு "ஆகீஸ்" என்று பெயர், வேளாண் மாணவர் என்ற பொருளில். அங்கே ஒரு மகளிர் குதிரையேற்ற அணி இருந்தது. பணக்காரத் தனியார் பள்ளிகள் நிறைந்த கிழக்குக் கரை ஊர் இல்லை அது. அமெரிக்காவில் வறுமை மிகுந்த மாநிலங்களில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் அந்த லாயத்துக்கு இருந்த மதிப்பு தனி.

அப்புறம் எண்ணெய் விலை விழுந்தது.

நியூ மெக்சிகோ அரசின் வருவாயில் பெரும்பங்கு எண்ணெயும் எரிவாயுவும். 2014-இன் நடுவில் ஒரு பீப்பாய் 100 டாலருக்கு மேல் போனது. 2016-இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே. ஒன்றரை ஆண்டில் மாநிலத்தின் பெட்டி வற்றிப்போனது. 2016 செப்டம்பர் கடைசியில் சட்டமன்றத்தைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்துத்தான் பற்றாக்குறையை அடைக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்களுக்குப் போகும் பணம் வெட்டப்பட்டது. நியூ மெக்சிகோ ஸ்டேட்டின் தலைவராக அப்போது இருந்தவர் கேரி கேருதர்ஸ். 1987 முதல் 1990 வரை அந்த மாநிலத்தின் ஆளுநராகவே இருந்தவர். அரசுக் கஜானாவின் ஏற்ற இறக்கம் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2016 கோடையில் அவருடைய நிர்வாகம் அறிவித்த சிக்கன நடவடிக்கைகளில் குதிரையேற்ற அணியை மூடுவதும் ஒன்று. 2016-17 பருவத்தோடு அணி முடிந்தது.

இங்கே கொஞ்சம் நின்று, பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் நியாயம் பேச முடியாது.

நியூ மெக்சிகோ ஸ்டேட் போன்ற நடுத்தரப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு டிக்கெட்டும் தொலைக்காட்சி உரிமையும் மட்டும் போதாது. ஜார்ஜியாவுக்கும் டெக்சஸுக்கும் அமெரிக்கக் கால்பந்தே எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சம்பாதித்துக் கொடுத்துவிடும். இங்கே அப்படி நடக்காது. ஆகவே மூன்று பைகளிலிருந்து பணம் வருகிறது. ஒன்று, மாணவர்கள் பருவந்தோறும் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு. இரண்டு, பல்கலைக்கழகம் தன் பொது நிதியிலிருந்து தருவது. மூன்றாவது நேராக மாநிலம் தருவது. நியூ மெக்சிகோவின் வருடாந்திர நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தைப் புரட்டினால், பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழே "விளையாட்டு" என்று தனியாக ஒரு வரியும் அதற்கு நேராக ஒரு தொகையும் இருக்கும். பல மாநிலங்களில் இது கிடையாது. அங்கே மொத்தமாகக் கொடுத்துவிட்டு நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்பார்கள்.

அந்த ஒற்றை வரிக்குள் எல்லா விளையாட்டும் அடங்கும். குதிரைக்கு இவ்வளவு, கூடைப்பந்துக்கு இவ்வளவு என்று சட்டமன்றம் பிரித்துச் சொல்வதில்லை. தொகை குறைந்தால் எதை வெட்டுவது என்பது உள்ளூர் முடிவு. கால்பந்தை வெட்டினால் உயர்மட்டப் பிரிவிலிருந்தே வெளியேற வேண்டும். கூடைப்பந்து அந்த ஊரின் உயிர். தடகளத்தை வெட்டினால் மிச்சமாவது சொற்பம். சுற்றிச் சுற்றி வந்து, யார் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும் செலவு எது என்று பார்த்தால் லாயம்தான் நிற்கும். கொட்டகை, தீவனம், மருத்துவர், ஆட்கள் என்று எல்லாமே தனித்தனிப் பற்றுச்சீட்டாக இருப்பதால், மூடினால் இவ்வளவு மிச்சம் என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிட முடியும்.

வரவுப் பக்கம் அப்படிப் பளிச்சென்று தெரியாது. இந்தப் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது அந்தப் பக்கம்தான். அக்காலத்து விதிப்படி ஒரு குதிரையேற்ற அணி அதிகபட்சம் 15 முழு உதவித்தொகைக்கு ஈடான பணத்தையே தரலாம். அதைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். அணியில் 45 பேர் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்குச் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான். மிச்சக் கட்டணத்தைப் பெற்றோரோ கடனோ வேறு உதவியோ கட்டுகிறது. இவர்களில் பலர் வெளிமாநிலத்திலிருந்து, அந்த அணிக்காகவே, அதிகக் கட்டணம் கட்டிச் சேர்பவர்கள். அந்தப் பணம் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கில் போய் விழுகிறது. குதிரைக்கான வைக்கோல் செலவோ விளையாட்டுத் துறையின் கணக்கில். வரவு ஒரு பேரேட்டில், செலவு இன்னொரு பேரேட்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் "குதிரை நஷ்டம்" என்று எழுதிவிடுவது எளிது. எல்லா இடத்திலும் வரவு செலவைத் தாண்டிவிடும் என்று நான் சொல்லவில்லை. கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்துவிட்டு மூடுங்கள் என்கிறேன்.

சரி, செலவு எப்படிப்பட்டது? 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்துக் கிலோ உலர்ந்த தீவனம் தின்னும். தண்ணீர் முப்பது நாற்பது லிட்டர். பாலைவன வெயிலில் இன்னும் அதிகம். நாற்பது குதிரை என்றால் நாளைக்கு 400 கிலோ, வருடத்துக்கு 146 டன். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குதிரைக்கும் குளம்பு சீவி லாடம் மாற்ற வேண்டும். லாடம் அடிப்பவர் காலையில் வந்து குதிரையின் காலைத் தன் இரு தொடைக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, பழைய ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, வளர்ந்த குளம்பை இடுக்கியால் வெட்டி, அரத்தால் ராவிச் சமமாக்கி, புது லாடத்தை வைத்துப் பார்த்து, வளைவு பொருந்தவில்லை என்றால் பட்டடையில் தட்டி மறுபடி வைத்துப் பார்ப்பார். ஆணி ஒரு நூல் உள்ளே போனாலும் குதிரை நொண்டும். ஒரு குதிரைக்கு நான்கு கால், நாற்பது குதிரைக்கு நூற்று அறுபது. கடைசிக் குதிரைக்கு அடித்து முடித்துச் சில வாரம் போவதற்குள் முதல் குதிரைக்குத் தவணை வந்துவிடும்.

இந்தச் செலவை நிறுத்திவைக்க முடியாது. ஓட்டப் பந்தய அணிக்கு இந்த வருடம் பணம் இல்லையா, பழைய காலணியோடு ஓடலாம், ஒரு பயணத்தைக் குறைக்கலாம். குதிரையிடம் அடுத்த நிதியாண்டுக்குக் காத்திரு என்று சொல்ல முடியாது. ஜூலையில் மாணவிகள் ஊருக்குப் போனாலும் அது தின்னும். போட்டி இல்லாத மாதத்திலும் அதற்கு வயிற்று வலி வரும், மருத்துவர் நள்ளிரவில் வருவார்.

அமெரிக்க மாநில வரவு செலவுக் கணக்கில் இரண்டு சொற்களை எப்போதும் கேட்கலாம். ஒன்று, ஆண்டுதோறும் தொடரும் பணம். மற்றது ஒருமுறை மட்டும் தரும் பணம். ஒரு விளையாட்டு மூடப்படும்போது பெற்றோரும் பழைய மாணவிகளும் சட்டமன்ற உறுப்பினரிடம் ஓடுவார்கள். அவரும் நல்ல மனதோடு, இந்த வருடத்துக்கு ஏதாவது தேற்றித் தருகிறேன் என்பார். அது இரண்டாம் வகைப் பணம். அதை வைத்துக் கட்டடம் கட்டலாம், வண்டி வாங்கலாம். குதிரை வளர்க்க முடியாது. அடுத்த வருடம் அதே மாணவிகள் அதே படியில் ஏறி அதே கதவைத் தட்ட வேண்டும். பயிற்சியாளர் யாரும் ஒரு வருட ஒப்பந்தத்தை நம்பி வரமாட்டார். பதினேழு வயதுப் பெண், மூன்றாம் வருடம் இருக்குமா என்று தெரியாத அணியில் சேரமாட்டாள். ஆகவே, அரசு நிதி போதுமா என்பதைவிட, அது எந்த வகைப் பணம் என்பதே என் பார்வையில் முதல் கேள்வி.

இதே மாநிலத்தில் ஆல்புகர்கியில் இருக்கும் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் 2018-இல் ஆண்கள் கால்பந்து (நாம் ஆடும் வகை), பனிச்சறுக்கு, கடற்கரைக் கைப்பந்து அணிகளை மூட முடிவெடுத்தது. பணத் தட்டுப்பாட்டோடு அந்த ஒன்பதாம் பிரிவையும் காரணமாகச் சொன்னார்கள். பனிச்சறுக்கு அணி 2004-இல் தேசியப் பட்டம் வென்ற அணி. 2019 கூட்டத்தொடரில் சட்டமன்ற உறுப்பினர்கள் பணம் ஒதுக்கி அவற்றை மீட்கப் பார்த்தார்கள். அணிகள் திரும்பவில்லை. தொடர்ந்து வருமா என்ற உறுதியில்லாத பணத்தை நம்பி, மூடிய கதவை மறுபடி திறக்க எந்த நிர்வாகமும் தயங்கும். சட்டமன்றம் விரும்பினால்கூட ஒரு விளையாட்டைக் காப்பாற்றிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

குதிரையேற்றத்துக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம், இது பணக்காரர் விளையாட்டு என்பது. வரி கட்டும் ஏழைக் குடும்பத்தின் பணம் ஏன் இதற்குப் போக வேண்டும்? நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. சிறு வயதிலிருந்து நல்ல குதிரை, நல்ல பயிற்சியாளர், வாரந்தோறும் போட்டி என்று வளர்ந்த பெண்களுக்குப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைப்பது எளிது. அப்படி வளரப் பெருஞ்செலவு ஆகும். அதில் மறுப்பு இல்லை.

ஆனால் தனியார் உலகத்தில் வெற்றியில் பாதி குதிரையின் விலையில் இருக்கிறது. இந்தப் போட்டி முறை குதிரையின் விலையை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிடுகிறது. இருவரும் ஏறுவது ஒரே குதிரை. பக்கத்துப் பண்ணையில் யார் குதிரையில் வேண்டுமானாலும் ஏறிப் பழகிய பெண், கோடி ரூபாய்க் குதிரையில் வளர்ந்த பெண்ணை அந்த நான்கு நிமிடத்தில் சமமாகச் சந்திக்கிறாள். பலவகைக் குதிரைகளில் ஏறிய பழக்கம் அவளுக்குக் கைகொடுக்கவும் செய்யும். இந்த யோசனைக்கு வயது அதிகம். 1967-இல் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பாப் ககியோனே, கல்லூரிகளுக்கிடையிலான குதிரைப் போட்டிச் சங்கத்தைத் தொடங்கியதே, சொந்தக் குதிரை இல்லாதவரும், நேற்றுத்தான் ஏறக் கற்றவரும் போட்டியிட வேண்டும் என்பதற்காகத்தான். அந்தச் சங்கம் இன்றும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் இருக்கிறது. ஆக, பொதுப் பணம் லாயத்திலிருந்து விலகினால் பணக்கார விளையாட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது தன் தனியார் பண்ணைகளில் நன்றாகவே நடக்கும். ஏழைப் பெண்ணுக்குத்தான் ஏறக் குதிரை இருக்காது.

குதிரைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இந்த அணிகளின் குதிரைகளில் கணிசமானவை நன்கொடை. பெரிய போட்டிகளுக்கு வயதாகிவிட்ட, ஆனால் பொறுமையும் அனுபவமும் உள்ள குதிரைகளை உரிமையாளர்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். வரிச்சலுகை கிடைக்கும், குதிரைக்கும் நல்ல இடம் அமையும். முன்பின் தெரியாத இருவர் அடுத்தடுத்து ஏறினாலும் பதறாத குணம் எல்லாக் குதிரைக்கும் வராது. பதினைந்து பதினாறு வயதுக் குதிரை ஒன்று, தன் முதுகில் இருப்பவள் பதற்றமாக இருக்கிறாள் என்று உணர்ந்து, காதைப் பின்னால் ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டு, வேகத்தைத் தானே சீராக்கிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவும் ஒரு வாத்தியார் என்று. அணியை மூடும்போது மாணவிகள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். லாயத்தில் ஒன்றாக நின்ற குதிரைகளைத் திரும்ப ஒன்றுசேர்க்க முடியாது. சில கொடுத்தவரிடமே போகும், சில விற்கப்படும். பல வருடமாக நண்பர்கள், பண்ணைகள், பழைய மாணவிகள் மூலம் ஒவ்வொன்றாகச் சேர்த்தது சில மாதத்தில் கலைந்துவிடும்.

இப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களும் இன்னொரு நெருக்கடியில் இருக்கின்றன. கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத் தீர்வின்படி, முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாக 20.5 மில்லியன் டாலர் வரை பகிர்ந்து கொடுக்கலாம். அந்தப் பணத்தின் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகும் என்று எல்லோருமே எதிர்பார்க்கிறார்கள். உழைத்துச் சம்பாதித்துக் கொடுத்தவர்களுக்குக் கூலி கிடைப்பது நியாயமே. ஆனால் அதே பெட்டியிலிருந்துதான் வருமானம் இல்லாத விளையாட்டுகளும் பிழைக்கின்றன. பெரிய பல்கலைக்கழகங்களின் லாயங்கள் இதுவரை அரசை எதிர்பார்த்ததில்லை. கால்பந்துப் பணம் படியளந்தது. அது சுருங்கினால், லாஸ் குரூசஸில் 2016-இல் எழுந்த கேள்வி ஆபர்னிலும் ஜார்ஜியாவிலும் எழும்.

லாஸ் குரூசஸின் மிச்சக் கதை இது. 2017 ஏப்ரலில் ஆளுநர் சுசானா மார்ட்டினெஸ் மாநிலத்தின் உயர்கல்வி ஒதுக்கீடு முழுவதையும், ஏறக்குறைய 745 மில்லியன் டாலரை, தன் மறுப்பதிகாரத்தால் வெட்டினார். சட்டமன்றத்தோடு வரி பற்றிய சண்டை. மே மாதச் சிறப்புக் கூட்டத்தில் பணம் திரும்ப வந்தது, ஆனால் இடைப்பட்ட வாரங்களில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று தெரியாது. குதிரையேற்ற அணியின் கடைசி மாதங்கள் அவை. அதே வருடம் டிசம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, 57 வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பருவ இறுதிப் போட்டி ஒன்றுக்குத் தகுதிபெற்று, அரிசோனாவில் யூட்டா ஸ்டேட்டை 26-20 என்று வென்றது. ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான்.

பிறகு பெர்மியன் படுகையில் எண்ணெய் பொங்கியது. நியூ மெக்சிகோ அரசின் பெட்டி யாரும் எதிர்பாராத அளவுக்கு நிரம்பியது. 2022-இல் அந்த மாநிலம், தன் குடியிருப்பாளர்கள் பொதுக் கல்லூரிகளில் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவில் மிக விரிவான உதவித் திட்டங்களில் அது ஒன்று. லாஸ் குரூசஸ் பல்கலைக்கழகத்துக்கும் அதன் பயன் கிடைக்கிறது. 2016-இல் இல்லாத பணம் ஆறே வருடத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளின் பட்டியலில் குதிரையேற்றம் இன்று இல்லை. மெசியா பள்ளத்தாக்கில் குதிரைமசால் மட்டும் வருடத்துக்குப் பலமுறை அறுவடையாகி, கட்டுக் கட்டாக வண்டியேறி வெளியூர் லாயங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.